புல்தரைக்கு நீர் பாய்ச்ச டைமரா, ஸ்மார்ட் கன்ட்ரோலரா?

வீட்டுப் புல்தரைக்குத் தானியங்கி நீர்ப்பாய்ச்சல் அமைப்பு வைத்திருப்பவர்கள், சுவரில் மாட்டியிருக்கும் பழைய டைமர் ஓய்ந்துபோகும்போது என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. அதே போன்ற இன்னொன்றை வாங்கி மாட்டுவதா, அல்லது வானிலையைக் கவனித்துத் தானே நேரத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் ஸ்மார்ட் கன்ட்ரோலருக்கு மாறுவதா? தோட்ட நீர்ப்பாய்ச்சலில் நீண்ட நாள் ஈடுபாடு கொண்டவன் என்ற முறையில், அந்தப் புல்தரை ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் நீரைப் பெறுகிறது என்பது தெரிந்த பிறகே இதற்கு விடை சொல்ல முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த ஓர் எண் கையில் இல்லாமல் எந்தக் கருவியை வாங்கினாலும், அது குருட்டுக் கணக்கிலேயே ஓடும்.

வால்வைப் பொறுத்தவரை இரண்டு வகைக் கருவிகளும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. கன்ட்ரோலர் 24 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை அனுப்பியதும், வால்வின் தலையில் இருக்கும் சோலினாய்டு சுருள் ஒரு சிறு உலோகத் தண்டை மேலே இழுக்கிறது. உள்ளிருக்கும் ரப்பர் தகட்டை அழுத்திக்கொண்டிருந்த நீர் ஒரு நுண்துளை வழியாக வெளியேற, தகடு மேலெழுந்து வால்வு திறக்கிறது. மின்சாரம் நின்றவுடன் மூடிக்கொள்கிறது. கருவி எத்தனை புத்திசாலியானாலும் அந்த முனையில் நடப்பது இவ்வளவுதான். ஆகவே உடைந்த தெளிப்பானையோ, தேய்ந்த நாசிலையோ, அழுத்தம் போதாத குழாயையோ எந்தக் கன்ட்ரோலரும் சரிசெய்துவிடாது. மாறுபாடெல்லாம் வால்வு எத்தனை நிமிடம் திறந்திருக்க வேண்டும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

பாரம்பரிய டைமரில் அதைத் தீர்மானிப்பவர் நாம். எந்தெந்த நாள், எத்தனை மணிக்குத் தொடக்கம், ஒவ்வொரு பகுதிக்கும் (ஒரு வால்வு நீர் கொடுக்கும் இடத்துக்கும்) எத்தனை நிமிடம் என்று உள்ளிட்டுவிட்டால், கடிகாரத்தைப் பார்த்து அதை அப்படியே நிறைவேற்றும். முந்தைய இரவு கனமழை கொட்டியிருந்தாலும் சரி, ஒரு வாரமாக வெயில் கொளுத்திக்கொண்டிருந்தாலும் சரி, அதற்கு எல்லாம் ஒன்றுதான். ஸ்மார்ட் கன்ட்ரோலர்களில் முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வானிலைத் தரவிலிருந்து புல் இழந்த நீரைக் கணக்கிட்டு அதை ஈடுசெய்வது. மற்றொன்று, மண்ணுக்குள் புதைத்த சென்சரிடம் ஈரத்தைக் கேட்டறிந்து செயல்படுவது.

முதல் வழியின் அடிப்படை மிகப் பழையது. வெயில், காற்று, வெப்பநிலை, காற்றின் ஈரப்பதம் ஆகியவற்றை வைத்து நிலத்திலிருந்தும் இலையிலிருந்தும் ஆவியாகும் நீரைக் கணக்கிடும் முறையை ஹோவர்ட் பென்மன் 1948ஆம் ஆண்டு வெளியிட்டார். 1965இல் ஜான் மான்டீத் அதை விரிவாக்கினார். 1998இல் ஐக்கிய நாடுகள் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு தன் 56ஆவது பாசன ஆவணத்தில் இதையே நிலையான முறையாக வகுத்தது. இன்றைய வானிலைவழிக் கன்ட்ரோலர்கள் இந்தச் சமன்பாட்டையோ, குறைந்த தரவைக் கொண்டு அதை நெருங்கும் எளிய சமன்பாடுகளையோ பயன்படுத்துகின்றன. பயிர் ஆய்வாளர்கள் உருவாக்கிய ஒரு கணக்கு வீட்டுச் சுவரில் மாட்டும் சிறு பெட்டிக்குள் வந்து சேர்ந்திருப்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

அந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு நாளில் 5 மி.மீ. நீரிழப்பு என்று வானிலைத் தரவு காட்டுவதாக வைத்துக்கொள்வோம். அது நன்கு நீர் பெற்ற ஒரு மாதிரிப் புல்வெளிக்கான அளவு. நம் புல்லுக்கு ஏற்ப அதை ஒரு குணகத்தால் பெருக்க வேண்டும். மேற்சொன்ன ஆவணம் வெப்பக்காலப் புல்வகைகளுக்கு 0.80 முதல் 0.85 வரையிலும், குளிர்காலப் புல்வகைகளுக்கு 0.90 முதல் 0.95 வரையிலும் குணகத்தைத் தருகிறது. 0.80 என்று கொண்டால் நாளொன்றுக்குத் தேவை 4 மி.மீ. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. நீர் என்பது சரியாக 1 லிட்டர் என்பதால், 200 சதுர மீட்டர் புல்தரைக்கு நாளொன்றுக்கு 800 லிட்டர், வாரத்துக்கு 5,600 லிட்டர். குளிர்ந்த மாதத்தில் நீரிழப்பு பாதியாகக் குறைந்தால் வாரத் தேவை 2,800 லிட்டர்தான். உச்சக் கோடையில் அமைத்த டைமரை யாரும் தொடாமல் விட்டுவிட்டால், மீதி 2,800 லிட்டர் ஒவ்வொரு வாரமும் வேருக்குக் கீழே இறங்கியோ, ஓரத்தில் வழிந்தோடியோ வீணாகிறது. பாரம்பரிய டைமரின் மீது சொல்லப்படும் குறைகளில் பெரும்பகுதி இந்த ஒரே இடத்திலிருந்துதான் பிறக்கிறது.

இந்தக் குறையை நீக்க ஸ்மார்ட் கருவிதான் வேண்டும் என்பதில்லை. பெரும்பாலான மின்னணு டைமர்களில் பருவச் சரிக்கட்டு என்ற ஒரு பொத்தான் இருக்கிறது. உச்சக் கோடைக்கான நிமிடங்களை 100 சதவீதமாக வைத்துக்கொண்டு, பருவம் மாற மாற 80, 60, 50 என்று குறைத்தால் எல்லாப் பகுதிகளின் நேரமும் ஒரே விகிதத்தில் சுருங்கும். மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பொத்தானை அழுத்தும் பழக்கம் உள்ளவர், ஸ்மார்ட் கன்ட்ரோலர் செய்யும் சரிக்கட்டலின் பெரும்பகுதியைத் தானே செய்துவிடுகிறார். ஆனால் நான் பார்த்த டைமர்களில் பெரும்பாலானவற்றில் அந்த எண் வாங்கிய நாள் முதல் 100 சதவீதத்திலேயே நிற்கிறது. அந்தப் பொத்தான் இருப்பதே பலருக்குத் தெரியாது.

இனி அளவெடுப்பதற்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியதே இதற்காகத்தான். நேரான சுவருள்ள ஒரே அளவு டப்பாக்களை ஒரு பகுதி முழுவதும், தெளிப்பான்களுக்கு அருகிலும் நடுவிலும் மூலைகளிலுமாகப் பரவலாக வைத்து, காற்றில்லாத அதிகாலையில் அந்தப் பகுதியை 15 நிமிடம் ஓட்டிவிட்டு, ஒவ்வொரு டப்பாவிலும் அளவுகோலை இறக்கிப் பார்க்க வேண்டும். சராசரியை நான்கால் பெருக்கினால் ஒரு மணி நேர வீதம் கிடைக்கும். அண்மையில் இப்படி அளந்த ஒரு புல்தரையில், நடுவில் இருந்த டப்பாவில் 11 மி.மீ. நீர் நின்றது, வேலியோர மூலையில் இருந்த டப்பாவில் 4 மி.மீ. தான். மூலையில் புல் வைக்கோல் நிறத்தில் காய்ந்து கிடந்ததால், அந்த வீட்டார் மொத்த நேரத்தையும் ஏற்றிக்கொண்டே போயிருந்தார்கள். மூலை அப்போதும் பச்சையாகவில்லை, நடுவில் காலடி வைத்தால் சேறு பிதுங்கியது. குனிந்து பார்த்தபோது மூலைத் தெளிப்பான் மண்ணில் அமிழ்ந்து, அதன் வீச்சைச் சுற்றியிருந்த புல்லே மறித்துக்கொண்டிருந்தது. அதை உயர்த்தி நிமிர்த்தி வைத்ததும் இரண்டு டப்பாக்களுக்கும் இடையிலான இடைவெளி வெகுவாகக் குறைந்தது. எந்த வானிலை நிலையத்திலிருந்தும் எந்தத் தரவும் அந்தத் தெளிப்பானைப் பற்றிச் சொல்லியிருக்காது.

அளவெடுப்பு இன்னொன்றையும் காட்டும். நிலையான விசிறி வடிவில் தெளிக்கும் நாசில்கள் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 40 மி.மீ. வரை நீரைக் கொட்டுபவை. மெதுவாகச் சுழன்று நீண்ட தூரம் வீசும் ரோட்டர்கள் அதே நேரத்தில் 10 முதல் 15 மி.மீ. வரைதான் தருபவை. எல்லாப் பகுதிக்கும் 20 நிமிடம் என்று பொதுவாக அமைத்துவிட்டால், விசிறி நாசில் பகுதிக்கு 13 மி.மீ. கிடைக்கும்போது, 12 மி.மீ. வீதமுள்ள ரோட்டர் பகுதிக்கு 4 மி.மீ. மட்டுமே போய்ச் சேரும். ஸ்மார்ட் கன்ட்ரோலரிலும் இதே சிக்கல் உண்டு. தொடக்க அமைப்பின்போது செயலி நம்மிடம் தெளிப்பான் வகை, மண் வகை, சரிவு, நிழல், புல்வகை என்று வரிசையாகக் கேட்கும். அவசரத்தில் எதையாவது தொட்டுவிட்டு நகர்ந்தால், அந்தத் தவறான விடையை அடிப்படையாகக் கொண்டே அது ஆண்டு முழுவதும் மிகத் துல்லியமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்.

மண் வகை என்ற கேள்வியை நான் தனியாக வலியுறுத்த விரும்புகிறேன். புல்லின் வேர் 15 செ.மீ. ஆழம் இறங்கியிருப்பதாகவும், நடுத்தர வண்டல் மண் ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஏறக்குறைய 150 மி.மீ. நீரை வேருக்காகச் சேமிப்பதாகவும் கொண்டால், வேர்ப்பகுதியில் இருக்கும் சேமிப்பு 22 மி.மீ. தான். அதில் பாதி தீர்ந்ததும் நீர் விட வேண்டும் என்றால் 11 மி.மீ.; நாளொன்றுக்கு 4 மி.மீ. செலவாகும் பருவத்தில் அது மூன்று நாளுக்குச் சற்றுக் குறைவாக வரும். மணற்பாங்கான மண்ணில் சேமிப்பு இதில் பாதிகூட இருக்காது என்பதால், சிறிது சிறிதாக அடிக்கடி விட்டாக வேண்டும். களிமண் நிறையச் சேமிக்கும், ஆனால் மெதுவாகத்தான் உறிஞ்சும். மணிக்கு 5 மி.மீ. உறிஞ்சும் மண்ணின் மேல் மணிக்கு 40 மி.மீ. கொட்டினால் சில நிமிடங்களிலேயே நீர் மேற்பரப்பில் ஓடத் தொடங்கிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் 15 நிமிடத்தை மூன்று ஐந்து நிமிடங்களாகப் பிரித்து, நடுவில் அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஊற விட வேண்டும். ஸ்மார்ட் கன்ட்ரோலர்கள் பலவும் இந்தப் பிரிப்பைத் தாமாகவே செய்கின்றன. டைமரிலும் ஒரே நிரலுக்குப் பல தொடக்க நேரங்களைக் கொடுத்து இதைச் செய்துகொள்ளலாம்.

ஸ்மார்ட் கருவி வாங்கினால் தண்ணீர்ச் செலவு நிச்சயம் குறையும் என்று எண்ணுபவர்களிடம் நான் எப்போதும் எடுத்துச் சொல்லும் ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் வானிலைவழிக் கன்ட்ரோலர்கள் பொருத்தப்பட்ட 2,294 இடங்களின் நீர்ச் செலவை ஆராய்ந்து 2009இல் ஓர் அறிக்கை வெளிவந்தது. வெளிப்புற நீர்ப் பயன்பாடு சராசரியாக 6 சதவீத அளவுக்கே குறைந்திருந்தது. அதைவிட முக்கியமாக, 40 சதவீதத்துக்கும் மேற்பட்ட இடங்களில் கருவி பொருத்திய பிறகு நீர்ப்பாய்ச்சல் கூடியிருந்தது. இதற்கான காரணத்தைப் புரிந்துகொண்டால் வியப்பு போய்விடும். வானிலைவழிக் கன்ட்ரோலர் புல்லுக்குக் கணக்குப்படி உரிய நீரைக் கொடுக்கிறது. அதற்கு முன் தேவையைவிட அதிகமாகக் கொட்டிக்கொண்டிருந்தவருக்குச் செலவு குறைகிறது. புல் லேசாக வாடினாலும் பரவாயில்லை என்று சிக்கனமாக விட்டுக்கொண்டிருந்தவருக்குச் செலவு கூடுகிறது. நீங்கள் எந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள் என்பதை டப்பா அளவெடுப்பும் ஒரு வாரத் தண்ணீர் மீட்டர்க் கணக்கும் சேர்ந்தே சொல்லிவிடும். வாரத் தேவை 28 மி.மீ. ஆக இருக்கும் பருவத்தில் இப்போது 45 மி.மீ. விடுபவர் என்றால் ஸ்மார்ட் கன்ட்ரோலர் உங்களுக்கு உண்மையாகவே உதவும். 20 மி.மீ. விட்டு, புல்லின் தோற்றத்தில் நிறைவாக இருப்பவர் என்றால், அதை வாங்குவதற்குச் சிக்கனத்தைக் காரணமாகச் சொல்ல முடியாது.

மழை சென்சர் பற்றிச் சொல்லாமல் பாரம்பரிய டைமரை எடைபோடுவது நியாயமாகாது. அந்தச் சென்சரின் உள்ளே மழை பட்டால் உப்பும் வட்டத் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். அவை உப்பி ஒரு சுவிட்சைத் தள்ளும்போது வால்வுகளுக்குப் போகும் மின்சுற்று அறுபடும். காய்ந்து சுருங்கியதும் மீண்டும் இணையும். எத்தனை மி.மீ. மழைக்கு நிறுத்த வேண்டும் என்பதை மேல்மூடியைத் திருகி அமைக்கலாம். விலை மலிவான, இணையம் தேவைப்படாத, நம் கூரை மேல் பெய்த மழையை மட்டுமே பார்க்கும் எளிய உறுப்பு. பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வானிலை நிலையத்தின் மழையளவை நம்பும் ஸ்மார்ட் கன்ட்ரோலர், அங்கே பெய்து இங்கே பெய்யாத நாளில் நீரை நிறுத்திவிடக்கூடும். மாறாக இங்கே பெய்ததை அறியாமல் ஓடவும் கூடும். ஆகவே வானிலைவழிக் கன்ட்ரோலர் வாங்குபவர்களும் மழை சென்சரை இணைக்க இடமிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தினர் பெர்முடா புல்லில் மழைமிகுந்த பருவத்தில் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், மழை சென்சர் மட்டுமே சென்சர் இல்லாத டைமரைவிட 34 சதவீத நீரை மிச்சப்படுத்தியது. மண் ஈரச் சென்சர் கொண்ட கட்டுப்பாடு பெரும்பாலும் அதன் இரு மடங்குக்கும் மேல் மிச்சப்படுத்தியது.

அந்த இரண்டாம் வழியின் மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு. வானிலையிலிருந்து ஊகித்து எழுதப்படும் கணக்கைவிட, வேரருகே இருக்கும் ஈரத்தை நேரடியாகக் கேட்பது நேர்மையான முறை என்று எனக்குப் படுகிறது. ஆனால் சென்சரைப் புதைப்பதில் பொறுமை வேண்டும். வேர்ப்பகுதியின் ஆழத்தில், தெளிப்பானுக்கு மிக அருகிலும் இல்லாமல் பள்ளத்திலும் இல்லாமல், சுற்றிலும் காற்றுக் குமிழி தங்காதபடி மண்ணை அழுத்திப் புதைக்க வேண்டும். பிறகு அந்த இடத்தை நன்றாக நனைத்து, ஒரு நாள் வடிய விட்டு, அப்போது காட்டும் அளவை மண் தாங்கக்கூடிய ஈரத்தின் மேல்வரம்பாகக் கொண்டு, அதற்குச் சற்றுக் கீழே, நீர்ப்பாய்ச்சலை நிறுத்தும் புள்ளியை வைக்க வேண்டும். வெயிலும் நிழலுமாக மாறுபட்ட பகுதிகள் உள்ள புல்தரையில், ஒரே சென்சர் எல்லாப் பகுதிகளுக்கும் பேசிவிட முடியாது. பொருத்துபவர் இதையெல்லாம் செய்யத் தயாராக இல்லையென்றால், வானிலைவழிக் கன்ட்ரோலரே போதும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வாட்டர்சென்ஸ் முத்திரை 2011 முதல் வானிலைவழிக் கன்ட்ரோலர்களுக்கும், 2021 முதல் மண் ஈரவழிக் கட்டுப்பாடுகளுக்கும் தரவரையறை வைத்திருப்பதால், அந்த முத்திரை உள்ளதா என்று பார்ப்பது தேர்வை எளிதாக்கும்.

ஸ்மார்ட் கருவியை நான் தயங்காமல் பரிந்துரைக்கும் சூழல்கள் உண்டு. அடிக்கடி வெளியூர் போகிறவர்கள், பல பகுதிகள் கொண்ட பெரிய புல்தரை உள்ளவர்கள், நிலத்தடிக் குழாய்க் கசிவால் முன்பு பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோர் அதில் வருவார்கள். நீரோட்டச் சென்சரை ஏற்கும் கன்ட்ரோலர் ஒவ்வொரு பகுதியின் வழக்கமான ஓட்டத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு, ஒரு தெளிப்பான் உடைந்து ஓட்டம் திடீரென ஏறியதும் முதன்மை வால்வை மூடிவிட்டுத் தகவல் அனுப்பும். அதிகாலை நான்கு மணிக்கு ஓடும் அமைப்பில், உடைந்த தெளிப்பானை நாம் நேரில் பார்க்க வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால், வானிலைக் கணக்கைவிட இந்த ஒரு வசதியே சில வீடுகளில் பெரிய பயன் தரும்.

அதே வேளையில், வாங்குவதற்கு முன் விற்பவரிடம் சில கேள்விகளை நேராகக் கேட்டுவிட வேண்டும். இணையம் துண்டிக்கப்பட்டால் கடைசியாகப் பெற்ற அட்டவணையைத் தானே ஓட்டுமா? நிறுவனம் தன் சர்வரை ஒருநாள் நிறுத்திவிட்டால் கருவி சாதாரண டைமராகவாவது இயங்குமா, அல்லது வெறும் பெட்டியாகிவிடுமா? முகப்பில் பொத்தான்கள் இருக்கின்றனவா? கடைசிக் கேள்வியைப் பலர் சிறிதாக நினைக்கிறார்கள். ஆனால் தெளிப்பானைச் சரிசெய்ய வந்திருக்கும் தொழிலாளி மூன்றாம் பகுதியை இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்க்க விரும்பும்போது, செயலி இருக்கும் ஃபோன் வேறெங்கோ இருந்தால் வேலை அப்படியே நின்றுவிடும். பல கன்ட்ரோலர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே ஏற்கும் என்பதால், கார் நிறுத்தும் கொட்டகைச் சுவர் வரை அந்தச் சிக்னல் வருகிறதா என்று முதலில் பார்ப்பதும் அவசியம். இணையத்தின் தயவே வேண்டாம் என்பவர்களுக்கு, ஓபன்ஸ்பிரிங்ளர் போன்ற திறந்த மூலக் கன்ட்ரோலர்கள் வீட்டு வலையமைப்புக்குள்ளேயே இயங்குகின்றன. அமைப்பதற்குக் கொஞ்சம் தொழில்நுட்பப் பழக்கம் இருந்தால் போதும். டைமரிலும் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: மின்வெட்டில் நிரல் அழியாமல் இருக்குமா என்பது. சில பழைய மின்னணு டைமர்கள் நினைவகம் அழிந்ததும் எல்லாப் பகுதிகளையும் தினமும் 10 நிமிடம் ஓட்டும், தொழிற்சாலையில் வைத்த தொடக்க அமைப்புக்குத் திரும்பிவிடும்.

மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டால், பழைய பெட்டியின் ஒரு கம்பியைக்கூடக் கழற்றுவதற்கு முன் மின்சாரத்தை அணைத்து, எந்த எண்ணில் எந்த நிறக் கம்பி என்பது தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டிக்கொள்ளுங்கள். எல்லா வால்வுகளுக்கும் பொதுவான கம்பி பெரும்பாலும் வெள்ளை நிறத்தில் இருக்கும். பழைய நிரலையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். கையில் மல்டிமீட்டர் இருந்தால் பொதுக் கம்பிக்கும் ஒவ்வொரு பகுதிக் கம்பிக்கும் இடையே மின்தடையை அளந்துவிடலாம். 20 முதல் 60 ஓம் வரை காட்டினால் சோலினாய்டு நலமாக இருக்கிறது, பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் சுருளோ கம்பியோ ஷார்ட் ஆகியிருக்கிறது, முடிவிலி என்றால் எங்கோ அறுந்திருக்கிறது. புதுக் கருவியின் மேல் சந்தேகப்படுவதற்கு முன் இந்த அளவு கையில் இருந்தால் வீண் அலைச்சல் மிச்சமாகும்.

டைமர் இன்னும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, மாற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இந்தப் பருவத்துக்கு அதை அப்படியே வைத்துக்கொண்டு, டப்பாக்களை வைத்து ஒருமுறை அளந்து, ஒவ்வொரு பகுதிக்கும் உரிய நிமிடத்தை அமைத்து, ஒரு மழை சென்சரை மட்டும் சேர்த்து, மாதப் பிறப்பில் பருவச் சரிக்கட்டை மாற்றிப் பாருங்கள். அந்த மாற்றத்தைத் தவறாமல் செய்ய உங்களால் முடிந்தால் பழைய டைமரே இன்னும் பல ஆண்டுகளுக்குப் போதும். இரண்டு மாதம் தொடர்ந்து மறந்துபோனால், அளந்து வைத்த அதே எண்களை ஸ்மார்ட் கன்ட்ரோலரில் உள்ளிட்டுப் பொறுப்பை அதனிடம் விட்டுவிடுங்கள்.